சகேயுவின் வீட்டிற்கு வெளியே நின்றவர்கள்



சென்ற ஞாயிறு ஆராதனையில் லூக்கா 19ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயுவை ஞாயிறு பள்ளி நாள்களிலிருந்தே நீங்கள் அறிவீர்கள். ஆயக்காரருக்குத் தலைவனான அவன், தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துவதாகவும் ஆண்டவருக்கு முன்பாக அறிக்கையிடுகிறான். வழக்கமாக நாம் அந்த இடத்தில் ஆமென் சொல்லிப் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். ஆராதனை முடிந்தபின் வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, அந்த நாலு மடங்கை வாங்கிக்கிட்டவங்க யாரு? அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

வேதத்தில் அதற்கு விடை இல்லை. எரிகோவில் பணத்தைப் பறிகொடுத்த ஒருவன், தன் வாசலில் சகேயு வந்து நின்றபோது கதவைத் திறந்தானா? பணத்தை வாங்கிக்கொண்டு, இனி என் முகத்தில் விழிக்காதே என்றானா? தனக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்று கேட்க அவனுக்கு இடம் கிடைத்ததா? சகேயுவின் வீட்டிற்குள் இரட்சிப்பு வந்ததை நாம் அறிவோம். அந்த வீட்டிற்கு வெளியே நின்றவர்களைப் பற்றி நான் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை. ஆகவே இவ்வாரம் ஒரு வரலாற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூர் உண்டு. மெனோனைட் விசுவாசிகள் மிகுதியாக வாழும் பகுதி அது. 1974ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில், இருபது வயதும் நிரம்பாத இரண்டு இளைஞர்கள் மதுவெறியில் தெருத்தெருவாகச் சென்று கார்ச் சக்கரங்களைக் கிழித்தார்கள். சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தார்கள். ஒருவருடைய படகையும் விட்டுவைக்கவில்லை. விடிந்தபோது 22 இடங்களில் சேதம். இருவரும் பிடிபட்டார்கள், குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள். வழக்கமான முறைப்படியானால் அபராதமோ சிறையோ விதிக்கப்பட்டு, அத்துடன் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

தண்டனைக்கு முன் அவர்களைப் பற்றிய அறிக்கையை எழுத வேண்டியவர் மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அலுவலர். அவரும் ஒரு மெனோனைட் விசுவாசி. மெனோனைட் மத்தியக் குழுவைச் சேர்ந்த டேவ் வொர்த் முதலானோருடன் கலந்து பேசியபோது, இந்த இளைஞர்கள் தாங்கள் சேதப்படுத்திய வீட்டாரை நேரில் சந்தித்தால் நலமாயிருக்குமே என்று அவர் சொன்னார். அப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் இல்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் அறிக்கையில் அதை எழுதினார். நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் தயங்கியபோதிலும், பின்னர் தண்டனையைத் தள்ளிவைத்து அந்தச் சந்திப்புக்கு வழிவிட்டார்.

இரண்டு இளைஞர்களும் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார்கள். முகவரி மாறிப்போன ஓரிருவர் நீங்கலாக ஏறத்தாழ எல்லாரையும் சந்தித்தார்கள். மொத்தச் சேதம் சுமார் 2,200 டாலர். அதில் ஏறத்தாழ பாதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈடுசெய்திருந்தன. எஞ்சியதை இருவரும் செலுத்த வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். ஆளுக்கு 200 டாலர் அபராதமும் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார். சில மாதங்களில் அவர்கள் மறுபடியும் அதே கதவுகளைத் தட்டி, அவரவருக்கு உரிய தொகையைக் கையில் கொடுத்துத் தீர்த்தார்கள்.

குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் நேருக்கு நேர் பேசி, நேர்ந்த தீங்கைச் சரிசெய்ய முயலும் இம்முறையைத்தான் இன்று சீரமைப்பு நீதி என்கிறார்கள். எல்மைராவில் நடந்ததிலிருந்து அருகிலுள்ள கிச்சனர் நகரில் ஒரு திட்டம் பிறந்தது. 1978இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகருக்கு அது சென்றது. அங்கே அதில் உழைத்த ஹோவர்டு ஸேர் 1990இல் எழுதிய நூல் உலகெங்கும் இக்கருத்தைக் கொண்டுசேர்த்தது. எல்மைராவின் இளைஞர்களுள் ஒருவரான ரஸ் கெல்லி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரியில் மாணவராக அமர்ந்திருந்தபோது, வகுப்பில் எல்மைரா வழக்கைப் பற்றிக் கேட்டு, அது தன் கதையே என்று உணர்ந்தார். பின்பு கிச்சனரில் அதே பணியில் தன்னார்வலராகச் சேர்ந்தார். பிரசங்கத்திற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? நானும் இதை இரண்டு முறை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். கதவைத் திறந்தவர்கள் யார்? அவர்களை யாராவது முன்கூட்டியே கேட்டார்களா? யான்ட்ஸியே பிற்காலத்தில் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தாங்கள் கையில் குறிப்பேட்டுடன் பின்னால் நின்றதாகவும், இளைஞர்கள் நேரே போய்க் கதவைத் தட்டியதாகவும், அன்று தாங்கள் சற்று இரக்கமில்லாமலே நடந்துகொண்டதாகவும் அவர் கூறினார். வீட்டார் ஆயத்தமாகவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு அவகாசம் இல்லை. அந்த இளைஞர்களின் திருந்துதலுக்காக 22 வாசல்கள் பயன்பட்டன. யான்ட்ஸியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் செய்த துணிவான காரியம் இல்லையேல் இந்தக் கதையே இல்லை. எனினும், சீரமைப்பு நீதியின் முதல் அத்தியாயத்தில் பாதிக்கப்பட்டவர் அழைக்கப்படவில்லை; அவரிடம் போய் நின்றார்கள், அவ்வளவுதான்.

பாதிக்கப்பட்டவர் இப்படி ஓரங்கட்டப்பட்டது நெடுங்காலக் கதை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் அறிக்கையிட்டு, முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, தீங்கடைந்தவன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்கிறது மோசேயின் நியாயப்பிரமாணம். பழைய இங்கிலாந்தின் சட்டங்களிலும் காயத்திற்கும் கொலைக்கும் ஈட்டுப்பணம் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்திற்கே போயிற்று. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றியின் காலம் தொட்டு, பெருங்குற்றங்கள் அரசனுடைய சமாதானத்திற்கு விரோதமானவை என்ற கொள்கை வலுப்பெற்றது. அபராதம் அரசனுக்குப் போயிற்று. அந்த மரபைத்தான் நம் நாட்டு நீதிமன்றங்களும் பெற்றிருக்கின்றன. உங்கள் வீட்டில் திருடு போனாலும் வழக்கு அரசுக்கும் திருடனுக்கும் இடையில்தான் நடக்கிறது; நீங்கள் அரசுத் தரப்புச் சாட்சி மட்டுமே. நார்வே நாட்டு அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வழக்கு என்பது அதற்குரியவர்களிடமிருந்து களவாடப்பட்ட சொத்து என்றே வாதிட்டார். அரண்மனை வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைப் பசு ஒன்று தானே வந்து அசைத்ததாக நம் நாட்டுக் கதை சொல்கிறது. இன்றைய நீதிமன்றத்தில் அப்படி ஒரு கயிறு பாதிக்கப்பட்டவர் கைக்கு எட்டும்படி தொங்குவதில்லை.

1989இல் நியூசிலாந்து ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. மாவோரி மக்களின் மரபையும் மனதில் கொண்டு, சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டங்களை அந்நாடு சட்டமாக்கியது. பாதிக்கப்பட்டவரும் அதில் அமரலாம் என்றது சட்டம். ஆனால் தொடக்க ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? பாதிக்கும் குறைவான கூட்டங்களிலேயே பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். வராதவர்களை விசாரித்தபோது, சந்திக்க விருப்பமில்லை என்றவர்கள் மிகச் சிலரே. பலருக்கு அழைப்பே போகவில்லை. சிலருக்கு வர இயலாத நேரம் குறிக்கப்பட்டிருந்தது. வந்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முன்னிலும் அதிக மனவேதனையோடு திரும்பியதாகச் சொன்னார். நற்செய்தி மட்டுமே சொல்லப் பழகிய எனக்கு அந்த ஆய்வு ஒரு கடிந்துகொள்ளுதலாக இருந்தது.

கதவின் கைப்பிடி பாதிக்கப்பட்டவர் பக்கம் திரும்பத் தொடங்கியது 1990களில்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், மரண தண்டனைக்குப் பெயர்போன அந்த மாநிலமே, 1993இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கொலையுண்டவரின் குடும்பத்தாரும் கொடிய வன்முறைக்கு ஆளானவர்களும் கேட்டால் மட்டுமே சிறையில் சந்திப்பு நடக்கும். குற்றவாளி அதைக் கேட்டுத் தொடங்க இயலாது. சந்தித்ததற்காக அவனுக்குச் சலுகையும் கிடையாது. இருதரப்பையும் ஆயத்தப்படுத்தவே பல மாதங்கள் ஆகும். பெல்ஜியம் 2005இல் இயற்றிய சட்டம், எந்தக் குற்றமாயினும், வழக்கின் எந்தக் கட்டமாயினும், தீர்ப்புக்குப் பின்னும்கூட, பாதிக்கப்பட்டவர் நடுவரின் உதவியோடு உரையாடலைக் கோரலாம் என்றது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய சேவைகளைப் பற்றிய தகவல் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும் என்றும், அவருடைய முழுச் சம்மதத்தோடு மட்டுமே அவை நடக்க வேண்டும் என்றும், சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் விதித்தது. எல்மைராவின் நாடாகிய கனடாவில், கேட்டால் அந்தத் தகவலைப் பெறும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது 2015இல்தான். அந்த 22 கதவுகளிலிருந்து எண்ணினால் 41 ஆண்டுகள்.

மாதக்கணக்கான ஆயத்தம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழியில் போடப்பட்டு, விற்கப்பட்டவன். சகோதரர் எகிப்துக்கு வந்த முதல் நாளிலேயே அவர்களை அடையாளம் கண்டுகொண்டான், தன்னை வெளிப்படுத்தவில்லை. அப்புறம் போய் அழுதான். அவர்களை ஊருக்கு அனுப்பி, மறுபடி வரச்செய்தான். மறுபடியும் தனியறைக்குப் போய் அழுதான். கடைசியில் மற்றெல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் தன் பெயரைச் சொன்னான். நேரம், இடம், யார் உடனிருப்பது ஆகிய மூன்றையும் தீங்கடைந்தவனே தீர்மானித்தான். யோசேப்பின் மன்னிப்பைப் பிரசங்கிக்கும் நாம் அந்த அதிகாரங்களை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

தென்னாப்பிரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரை அறியாத சபை இல்லை. 1996இல் அவர் தலைமையில் தொடங்கிய உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்தில் 21,000க்கும் அதிகமானோர் தங்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்தார்கள். கேட்கப்படாதவர்கள் கேட்கப்பட்டார்கள், அது பெரிய காரியம். ஆனால் உண்மையை முழுதும் சொன்ன குற்றவாளிக்குப் பொதுமன்னிப்பு உடனே கிடைத்தது. அதோடு அவன்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையும் பாதிக்கப்பட்டவரிடமிருந்து போயிற்று. ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் உள்ளிட்டோர் அதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடி, 1996 ஜூலையில் தோற்றார்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்கும்படி ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் அறிவித்தது. கிருபை ஒரு தரப்புக்கு அன்றே வந்தது. மறுதரப்பு வரிசையில் நின்றது. டுட்டுவை நேசிக்கிற நான் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்க அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளிடையே ஊழியம் செய்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய உடன்பிறந்த தங்கையும் துறவியுமான செல்மி பால், 2002இல் ரக்ஷாபந்தன் நாளன்று இந்தூர் சிறைக்குச் சென்று, அக்காளைக் கொன்றவன் கையில் ராக்கி கட்டினார். ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். அந்தக் குடும்பத்தாரும் ஆதரித்ததால் அம்மனிதன் 2006இல் விடுதலையானான்.

அதே இந்தூரில், 2020 ஜூலையில், உயர்நீதிமன்ற அமர்வு ஒன்று, பெண்ணொருத்தியின் வீட்டுக்குள் புகுந்து தகாத முறையில் நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஜாமீன் கொடுத்தபோது ஒரு நிபந்தனை விதித்தது. அவன் இனிப்போடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், தனக்கு ராக்கி கட்டும்படி அவளை வேண்டி, 11,000 ரூபாய் கொடுக்க வேண்டும். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது; பாதிக்கப்பட்ட பெண்ணைச் சமரசத்தை நோக்கித் தள்ளும் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் விதிக்கலாகாது என்றது.

ஒரே நகரம், அதே கயிறு. ஒரு முறை தங்கையானவள் தன் காலத்தில், தன் கால்களால் நடந்து சிறைக்குப் போனாள். மறு முறை, யாரைக் கண்டு ஒரு பெண் பயந்தாளோ, அவனையே நீதிமன்றம் அவள் வாசலுக்கு அனுப்பப் பார்த்தது.

நம் மாநிலமும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீன் வழங்கியது. அந்தப் பெண் தனக்கு விருப்பமில்லை என்று பகிரங்கமாகவே சொன்னாள். இவ்வகைக் குற்றங்களில் சமரசத்திற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கண்டித்தபின், ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் நடப்பதை நாம் எல்லாரும் அறிவோம். அதை நான் விவரிக்கத் தேவையில்லை. சமரசம் என்ற சொல்லைக் கேட்டாலே பாதிக்கப்பட்டவர் அஞ்சுவதற்கு இந்நாட்டில் காரணம் உண்டு.

அதே வேளையில், சந்திக்க விரும்பும் ஒருவருக்கும் இங்கே வாசல் இல்லை. 2009இல் ஒரு சட்டத்திருத்தத்தால் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி இழப்பீடு கோரலாம். உங்களில் பலருக்கு இது தெரியாது. தேவைப்படுவோர் என்னிடம் கேளுங்கள், உடன் வருகிறேன். ஆனால், என் மகனைக் கொன்றவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அவளை ஆயத்தப்படுத்தி, பாதுகாப்பாக அழைத்துச் சென்று, வேண்டாம் என்றால் திரும்பக் கூட்டிவரும் ஏற்பாட்டை அவள் உரிமையாகக் கேட்டுப் பெறச் சட்டம் வழி செய்யவில்லை. செல்மி பாலுக்குச் சபையின் துணை இருந்தது. மற்றவர்களுக்கு?

சபையைப் பற்றிச் சொன்னதால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தில், யாக்கோபு இறந்தபின் சகோதரர் யோசேப்பிடம் ஆள் அனுப்புகிறார்கள். நீ மன்னிக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்பதே செய்தி. யாக்கோபு உண்மையிலேயே அப்படிச் சொன்னதாக வேதத்தில் வேறெங்கும் இல்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். அந்தத் தூது சென்றவனின் வேலையை நானும் செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தபோது, தனியே வாழ்ந்த விதவைத் தாயார் ஒருவர் வீட்டில் நகையும் பணமும் திருடு போயின. எடுத்தவன் சபைப் பையன்தான். போலீசுக்குப் போகுமுன் முடித்துவிடலாம் என்று மூப்பர்கள் சொன்னார்கள். பொருளில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஒரு மாலை ஜெபக்கூட்டம் முடிந்து, பையனையும் அவன் பெற்றோரையும் மூப்பர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அந்தத் தாயாரின் வீட்டிற்குப் போனேன். பையன் காலில் விழுந்தான். அவர், "மன்னிச்சிட்டேன் ஐயா" என்றார். ஜெபித்தோம், காப்பி குடித்தோம். மனநிறைவோடு திரும்பினேன். அதை ஒரு சாட்சியாகவும் சொல்லிவந்தேன்.

இவ்வாண்டு அந்த ஊருக்குப் போயிருந்தபோது அவரைச் சந்தித்தேன். வயது 80ஐத் தாண்டிவிட்டது. பேச்சுவாக்கில் அந்த நாளைக் குறிப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க வர்றீங்கன்னு யாரும் முன்னாடி சொல்லலையே ஐயா. இருந்த நாற்காலியெல்லாம் உங்களுக்குப் போட்டேன். நான் நின்னுக்கிட்டே இருந்தேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டிரங்குப் பெட்டிச் சாவி அரிசிப் பானைக்குள்ள இருக்குன்னு அவனுக்கு யாரு சொன்னது? அது தெரியாம எத்தனை நாள் நான் அக்கம்பக்கத்துல ஒவ்வொரு முகத்தையும் பாத்திருப்பேன்."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கேள்வியை அவனிடம் கேட்க இப்போதும் விருப்பமா, நான் அவனிடம் பேசட்டுமா என்றேன். பேசுங்கள் என்றார். அவன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான். மணமாகிப் பிள்ளைகளும் உண்டு. தொலைபேசியில் நெடுநேரம் மௌனமாயிருந்தான்; பிறகு, அவர்கள் சொல்லும் நாளில் வருகிறேன் என்றான். அதைத் தாயாரிடம் தெரிவித்தேன். "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றார்.

அது நடந்து மூன்று மாதங்களாகின்றன. நான் திரும்பக் கேட்கவில்லை.